லித்தியம் பேட்டரிக்கு மாறப்போறீங்களா? பழைய சார்ஜரைக் கடையிலேயே கொடுத்துடுங்க!

லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம் என்று மூன்று வருடத்துக்கு முன்பு வாங்கிய சின்ன இ-ஸ்கூட்டர். புதுசில் ஒரு சார்ஜுக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடியது. இப்போது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மார்க்கெட் போய் வீடு திரும்புவதற்குள் மீட்டரில் கடைசிக் கோடு மினுக்க ஆரம்பித்துவிடுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டு போனால், சீட்டைத் தூக்கிப் பார்த்த கையோடு சொல்லிவிடுவார்.

“லித்தியம் போட்டுடுங்கக்கா. வெயிட்டும் குறையும், மைலேஜும் ஏறும்.”

“சார்ஜர் பழசே போதுமாண்ணே?”

“அதெல்லாம் போதும்க்கா. பின்னு அதேதான்.”

முதலில் சொன்னது சரியான யோசனை. இரண்டாவதாகச் சொன்னது ஆபத்தான பதில். பின் அதே பின்தான். ஆனால் அதற்குள் வரும் மின்சாரம் வேறு. லித்தியம் பேட்டரி வாங்குபவர்கள் விலையை விசாரிக்கிறார்கள், கிலோமீட்டரை விசாரிக்கிறார்கள், வாரன்டியையும் கேட்கிறார்கள். சார்ஜரைப் பற்றியும், அதை வீட்டில் எங்கே மாட்டப்போகிறோம் என்பதைப் பற்றியும் பேச்சே வருவதில்லை.

(பதிவு எண் உள்ள, பெரிய நிறுவனங்களின் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வெளிக்கடை பேட்டரி வேலையே வேண்டாம். வாரன்டி போய்விடும். வண்டியின் சாஃப்ட்வேரும் வெளி பேட்டரியோடு ஒத்துப்போகாது. அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்தான் ஒரே வழி.)

எல்லா 48 வோல்ட்டும் ஒன்றல்ல

பழைய வண்டியில் இருப்பது 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி நான்கு. நான்கு பன்னிரண்டு நாற்பத்தெட்டு, அதனால் ‘48 வோல்ட் வண்டி’. ஆனால் சார்ஜ் ஏறி முடியும் நேரத்தில் அதன் சார்ஜர் சுமார் 59 வோல்ட் வரை கொடுக்கும். லெட் ஆசிட்டுக்கு அது தேவை.

லித்தியத்தில் கடைகளில் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று என்.எம்.சி. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்தது. இதில் ஒரு செல் முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட். 13 செல்களை வரிசையாகக் கோத்தால் அதன் பெயரும் ‘48 வோல்ட் பேட்டரி’தான், நிரம்பும்போது 54.6 வோல்ட். அதற்கு மேல் ஏறக் கூடாது.

இன்னொன்று எல்.எஃப்.பி. இரும்பு பாஸ்பேட் வகை. இதில் செல் நிரம்பும் அளவு 3.65 வோல்ட். 16 செல் வரிசை என்றால் மொத்தம் 58.4 வோல்ட். 15 செல்லில் கட்டித்தருபவர்களும் உண்டு, அதற்கு 54.75. இதையும் கடையில் ‘48 வோல்ட்’ என்றே சொல்லி விற்பார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 13 செல் என்.எம்.சி பேட்டரியில் பழைய லெட் ஆசிட் சார்ஜரை மாட்டினால் என்ன ஆகும்? 59-ஐ 13-ஆல் வகுத்தால் ஒரு செல்லுக்கு 4.5 வோல்ட்டுக்கு மேல் வருகிறது. 4.2-ஐத் தாண்டக் கூடாத செல்லுக்கு நாலரை! பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால், செல்லுக்குள் இருக்கும் பொருள்கள் சிதைந்து வெப்பத்தையும் எரியும் வாயுவையும் கிளப்ப அது போதும். ஒரு செல் சூடானால் பக்கத்துச் செல்லைச் சூடாக்கும், அது அடுத்ததை. இந்தச் சங்கிலி ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காது. ‘தெர்மல் ரன்அவே’ என்று செய்திகளில் வருவது இதுதான்.

“அதுக்குத்தான் உள்ளே பி.எம்.எஸ் இருக்கே, அது கட் பண்ணிடும்” என்பார் கடைக்காரர். உண்மைதான். பி.எம்.எஸ் என்பது பேட்டரிக்குள் இருக்கும் மின்னணு போர்டு. செல்களின் வோல்ட்டைக் கண்காணித்து, அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது அதன் வேலை. ஆனால் அது கடைசிக் காவல். சரியான அளவில் நிறுத்த வேண்டிய முதல் பொறுப்பு சார்ஜருடையது. வாட்ச்மேன் இருக்கிறார் என்பதற்காகக் கதவையே பூட்டாமல் தூங்குவதில்லையே! தினமும் இரவு அந்த போர்டை எல்லைக்குத் தள்ளிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அதில் உள்ள சுவிட்ச் பழுதாகும். பழுதாகும்போது அது திறந்த நிலையில்தான் நிற்கும் என்ற உத்தரவாதம் இல்லை. மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அப்போது தடுக்க யாரும் இல்லை.

எல்.எஃப்.பி-யில் வித்தியாசம் அரை வோல்ட்தானே என்று சில மெக்கானிக்குகள் வாதாடுவார்கள். கணக்கு சரி, முடிவு தவறு. லித்தியம் நிரம்பியதும் சார்ஜர் நின்றுவிட வேண்டும். லெட் ஆசிட் சார்ஜரோ நிரம்பிய பிறகும் மெல்ல மெல்ல ஊட்டிக்கொண்டே இருக்கும். குணமே வேறு.

ஆகவே, பேட்டரியோடு சேர்த்து அதற்கென்றே உள்ள சார்ஜரையும் வாங்க வேண்டும். சார்ஜரின் முதுகில் ‘அவுட்புட்’ என்று போட்டிருக்கும் வோல்ட்டையும், பேட்டரி லேபிளில் ‘சார்ஜிங் வோல்டேஜ்’ என்று போட்டிருப்பதையும் கடையிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். லேபிளே இல்லாத பேட்டரி என்றால், வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.

என்.எம்.சி-யா, எல்.எஃப்.பி-யா?

பள்ளிக்கூடம், கடை, அலுவலகம் என்று தினமும் இருபது முப்பது கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, அதுவும் நம் ஊர் வெயிலுக்கு, எல்.எஃப்.பி-தான். அதிக வெப்பத்தைத் தாங்கும். இரண்டாயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் போடலாம், என்.எம்.சி-யில் இது ஆயிரத்தை ஒட்டியே இருக்கும். எல்.எஃப்.பி கொஞ்சம் கனம், கொஞ்சம் பெரிது. லெட் ஆசிட் நான்கையும் எடுத்துவிட்டால் சீட்டுக்குக் கீழே இருக்கும் இடத்தில் பெரும்பாலும் தாராளமாக உட்கார்ந்துவிடும். எல்.எஃப்.பி தீயே பிடிக்காது என்று விளம்பரம் செய்பவர்களையும் நம்ப வேண்டாம். அத்துமீறினால் அதுவும் புகையைக் கக்கும். அந்தப் புகையும் எரியும்.

கடையில் நின்று செய்யும் சோதனைகள்

முதலில் கிலோமீட்டர் வாக்குறுதி. “தொண்ணூறு ஓடும்” என்று சொன்னால் தலையாட்டாமல், வோல்ட்டையும் ஏ.ஹெச் எண்ணையும் பெருக்க வேண்டும். 51.2 வோல்ட், 24 ஏ.ஹெச் என்றால் சுமார் 1,229 வாட் ஹவர். மெதுவாக ஓடும் இந்தச் சின்ன ஸ்கூட்டர்கள் ஒரு கிலோமீட்டருக்கு 20 முதல் 25 வாட் ஹவர் சாப்பிடும். 25 என்றே வைத்துக்கொண்டால் 49 கிலோமீட்டர். பின்னால் ஆள் ஏறினாலும், மேம்பாலம் வந்தாலும் இன்னும் குறையும். தொண்ணூறு வேண்டுமானால் 2,250 வாட் ஹவர் வேண்டும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பேட்டரி. பழைய லெட் ஆசிட்டில் ஏ.ஹெச் எண் இதைவிடப் பெரிதாக இருந்திருக்கலாம். ஆனால் அதை அடிமட்டம் வரை காலி செய்ய முடியாது. அதனால் சற்றுச் சின்ன லித்தியமே அதே தூரத்தைத் தந்துவிடும்.

அடுத்தது எடை. இது யாரும் செய்யாத, ஆனால் ஏமாற்று வேலையை உடனே காட்டிக்கொடுக்கும் சோதனை. உள்ளூரில் கட்டும் எல்.எஃப்.பி பேட்டரிகளில் அதிகம் புழங்குவது 32700 என்ற உருளை செல். ஒன்று 6 ஏ.ஹெச், எடை சுமார் 140 கிராம். 24 ஏ.ஹெச் வேண்டுமென்றால் நான்கு நான்காகச் சேர்த்து 16 வரிசை, மொத்தம் 64 செல். செல்கள் மட்டுமே ஒன்பது கிலோ வந்துவிடும். அதற்கு மேல் பெட்டி, ஒயர், போர்டு. ‘24 ஏ.ஹெச்’ என்று லேபிள் ஒட்டிய பேட்டரி தராசில் ஆறு கிலோ காட்டினால், உள்ளே செல்கள் குறைகின்றன என்று அர்த்தம். பக்கத்து மளிகைக் கடைத் தராசே போதும்.

என்.எம்.சி பேட்டரி வாங்கினால் 18650 என்ற செல் பெயர் காதில் விழும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம், அதுதான் பெயர்க் காரணம். இந்த அளவுக்குள் நல்ல கம்பெனிகளே சுமார் 3,500 எம்.ஏ.ஹெச் வரைதான் அடைக்க முடிந்திருக்கிறது. 6,000, 9,900 என்றெல்லாம் அச்சடித்த செல் வந்தால் அது பொய். லேபிளிலேயே பொய் சொல்பவர் உள்ளே என்ன வைத்திருப்பார்?

பழைய செல்கள் இன்னொரு தலைவலி. லேப்டாப்பிலிருந்தும் கழித்துப்போட்ட வண்டி பேட்டரிகளிலிருந்தும் பிரித்தெடுத்து, புது உறை போட்டுக் கட்டிவிடுகிறார்கள். ஒரு வரிசையில் ஒரு செல் கிழடாக இருந்தால் போதும். அது முதலில் நிரம்பும், முதலில் காலியாகும், முதலில் சூடாகும். மூட்டையில் ஒரு தக்காளி அழுகினால் என்ன ஆகும் என்று தெரியாதவர்கள் இல்லை. விலை மற்ற கடைகளைவிடப் பாதியாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். புது செல்தான் என்றால், அதன் தயாரிப்புத் தேதியைக் கேட்பதில் கடைக்காரருக்குக் கோபம் வரக் கூடாது. கட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு பேட்டரியைக் காட்டச் சொல்லியும் பார்க்கலாம். செல்களை இணைக்கும் பட்டைகள் ஸ்பாட் வெல்டிங் செய்யப்பட்டிருக்க வேண்டும். சால்டரிங் கோலை நேரடியாக செல்லின் தலையில் வைத்து ஈயம் உருக்குகிறார் என்றால், அந்தச் சூட்டிலேயே செல் பாதி அடி வாங்கிவிடும்.

பி.எம்.எஸ் பற்றி இரண்டே கேள்வி. வெப்பத்தை அளக்கும் சென்சார் அதில் இருக்கிறதா? தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும்? வண்டியின் கன்ட்ரோலர் லேபிளில் அதிகபட்ச ஆம்பியர் போட்டிருக்கும். பி.எம்.எஸ் அதைவிடக் கூடுதலாகத் தாங்க வேண்டும். “48-ஐ எடுத்துட்டு 60 போட்டுக்கலாம், ஸ்பீடு ஏறும்” என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுவதே நல்லது. கன்ட்ரோலரும் ஒயரும் பிரேக்கும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகிற வண்டி சட்டப்படி மோட்டார் வாகனம். லைசென்ஸ், பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும். இவை எதுவும் இல்லாமல் யார் மீதாவது மோதினால் கோர்ட் வரை போகும்.

பில் வாங்காமல் வரக் கூடாது. பேட்டரியின் வகை, வோல்ட், ஏ.ஹெச், சீரியல் நம்பர், வாரன்டி எத்தனை மாதம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். “பில் போட்டா ஜி.எஸ்.டி சேரும்மா” என்று சொன்னால், சேரட்டும்.

வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் வண்டி

2022 மார்ச் இறுதியில் வேலூரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். புதிதாக வாங்கிய இ-ஸ்கூட்டரை இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்தபோது தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் இறந்துபோனார்கள். அதே நாள்களில் நாட்டின் வேறு இடங்களிலும் இ-ஸ்கூட்டர்கள் எரிந்தன. மத்திய அரசு டி.ஆர்.டி.ஓ-வின் தீ பாதுகாப்புப் பிரிவை விசாரிக்கச் சொன்னது. அதன் பிறகுதான் பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ்-156 தரவிதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஒரு செல் எரிந்தால் அது மற்றவற்றுக்குப் பரவுகிறதா என்ற சோதனையும் அதில் உண்டு. தெருமுனைக் கடையில் கட்டித்தரும் பேட்டரிகளில் பெரும்பாலானவை அப்படி எந்தச் சோதனைக்கும் போனதில்லை.

வேலூர் மரணங்களில் கவனிக்க வேண்டியது, உயிரை எடுத்தது நெருப்பு அல்ல, புகை என்பதுதான். லித்தியம் பேட்டரிப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற அரிக்கும் வாயுவும் இருக்கும். ஒரு சிறிய வீட்டை அது சில நிமிடங்களில் நிரப்பிவிடும்.

நம் வீடுகளில் வண்டியை எங்கே நிறுத்துகிறோம்? திருட்டுப் பயத்தில் நடையில், ஹாலில், மாடிப்படிக்குக் கீழே. அதாவது, வெளியே ஓடுவதற்கு இருக்கும் ஒரே வழியில். இரவு பத்து மணிக்கு பிளக்கைச் சொருகிவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு, உள் அறையில் குடும்பமே தூங்குகிறது. நடுராத்திரியில் புகை கிளம்பினால் வாசலுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் அந்த வண்டி நிற்கும். எவ்வளவு நல்ல பேட்டரியாக இருந்தாலும் இந்த இடம் தவறு.

வீட்டுக்கு வெளியே, மழை படாத, காற்றோட்டமான இடம்தான் சரி: போர்டிகோ, திண்ணை ஓரம், அபார்ட்மென்ட் என்றால் தரைத்தளப் பார்க்கிங். பக்கத்தில் கேஸ் சிலிண்டர், பழைய பேப்பர் கட்டு, பெட்ரோல் வண்டி இருக்கக் கூடாது. கழற்றும் வகை பேட்டரியை மாடிக்குத் தூக்கிப் போகிறவர்கள் கட்டிலுக்குக் கீழே வைக்காமல், பால்கனியில் வெறும் தரையில், வெயில் படாமல் வைக்கலாம். ஒண்டுக்குடித்தனத்தில் இதெல்லாம் எங்கே முடியும் என்று கேட்பது நியாயம்தான். இடத்தை மாற்ற முடியாவிட்டால் நேரத்தையாவது மாற்றலாம். 24 ஏ.ஹெச் பேட்டரிக்கு 5 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஐந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போட்டால் தூங்கப்போகும் முன் எடுத்துவிடலாம். வீட்டில் ஆள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் ஏறுவது என்பது பெரிய பாதுகாப்பு.

வண்டி ஓட்டி வந்த சூட்டோடு பிளக்கைச் சொருகக் கூடாது. அரை மணி, முக்கால் மணி ஆறட்டும். இந்த செல்களைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அக்னி நட்சத்திர மதியத்தில் வெயிலில் நின்ற வண்டியின் சீட்டுக்கு அடியில் அதைவிடவே சூடு இருக்கும். சார்ஜர் எடுப்பது இரண்டு ஆம்பியருக்குள்தான், அதனால் சாதாரண பிளக் பாயின்ட்டே போதும். ஆனால் அது ஆடாமல் இறுக்கமாக இருக்க வேண்டும், எர்த் இருக்க வேண்டும். ஜன்னல் வழியாக மெல்லிய ஒயர் இழுத்து, அதில் ஜங்ஷன் பாக்ஸ் மாட்டி, அதே பாக்ஸில் மிக்ஸியையும் சொருகுவது சரிவராது. பிளக் முனை கறுத்திருந்தால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். சார்ஜர் சுடுகிறது என்று அதன் மேல் ஈரத்துணி போடுகிறவர்களும் இருக்கிறார்கள்!

ஆபத்து முன்கூட்டியே சொல்லும்

எல்லா நேரமும் சொல்லாது. பல நேரம் சொல்லும். பேட்டரிப் பெட்டி உப்புவது, நெயில் பாலிஷ் போன்ற இனிப்பு வாடை, ‘உஸ்’ என்ற சத்தம், ஒரு பக்கம் மட்டும் சூடு, திடீரென்று பாதியாகும் மைலேஜ். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சார்ஜ் போடக் கூடாது, ஓட்டவும் கூடாது. வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிவிட்டு, மெக்கானிக்கை அங்கே வரச் சொல்ல வேண்டும்.

புகை வர ஆரம்பித்துவிட்டால் கணக்கு மாறுகிறது. பேட்டரியைக் கழற்றித் தூக்கி வெளியே எறிகிற வேலை கூடாது. கையில் இருக்கும்போதே வெடிக்கலாம். குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியேற்றி, போகிற வழியில் எட்டினால் மட்டும் மெயினை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112-க்குப் பேச வேண்டும். சின்ன தீயணைப்பு சிலிண்டர் மேலே தெரியும் சுவாலையை அடக்கும்; உள்ளே இருக்கும் சூட்டை அடக்காது. அதைக் குளிர்விக்க நிறைய தண்ணீர் வேண்டும், அது தீயணைப்பு வீரர்களின் வேலை. அணைந்த பேட்டரி சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றிக்கொள்வதும் உண்டு. அதனால் அதை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவரக் கூடாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கும் இதே எச்சரிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. காய வைத்துவிட்டு “ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போம்” என்று சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆர்வம் லித்தியத்திடம் கூடாது. உள்ளே புகுந்த தண்ணீர் மெல்ல அரித்து, நாள்கள் கழித்துக்கூட ஷார்ட் ஆக்கும். பேட்டரியைத் திறந்து சோதித்த பிறகுதான் பிளக்.

ஊருக்குப் போகிறோம், ஒரு மாதம் வண்டி எடுக்க மாட்டோம் என்றால் பாதி சார்ஜில் விட்டுச் செல்லலாம், பிளக்கைக் கழற்றிவிட்டு. மற்ற நாள்களில் முழுக்கக் காலியாகும் வரை ஓட்டுவதைத் தவிர்த்தாலே ஆயுள் நீளும். எல்.எஃப்.பி வைத்திருப்பவர்கள் வாரம், பத்து நாளுக்கு ஒரு முறை முழுதாக நிரப்ப வேண்டும். அப்போதுதான் பி.எம்.எஸ் எல்லா செல்களையும் சமமாக்க முடியும்.

கழற்றிய பழைய லெட் ஆசிட் பேட்டரிகளுக்குக் கடையிலேயே எடைக்குப் பணம் கிடைக்கும். புது பேட்டரி விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால், நாளைக்கு இந்த லித்தியம் பேட்டரியும் கிழடாகும்போது அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. அங்கே சுத்தியலால்தான் உடைப்பார்கள். 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரிப்பாளர்களுக்குத் திரும்பப் பெறும் பொறுப்பு இருக்கிறது. வாங்கும்போதே “பழசானா நீங்களே எடுத்துக்குவீங்களா?” என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கிவிடலாம்.

அதே கையோடு பழைய சார்ஜரையும் கடையில் கொடுத்துவிட வேண்டும். ‘நல்லாத்தானே இருக்கு, இருக்கட்டும்’ என்று அலமாரியில் வைத்தால், புது சார்ஜர் பழுதான ஒரு நாளில் தாத்தாவோ பிள்ளையோ அதைத் தேடி எடுத்து மாட்டிவிடுவார்கள். பின் சரியாகப் பொருந்தும். விளக்கும் எரியும். வேறு வண்டிக்கு வேண்டும், கொடுக்க மனமில்லை என்பவர்கள், ‘லித்தியத்துக்குப் போடக் கூடாது’ என்று மார்க்கரில் பெரிதாக எழுதி, சார்ஜரின் முதுகில் அல்ல, பின்னின் மேலேயே ஒட்டிவைக்கட்டும்.